வானம் பார்த்த கை

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை விட்டு முதலில் வெளியே பாய்ந்தவன் சுவைலிம்தான். அவசரத்தில் காலில் மாட்டியது யாருடைய செருப்போ.

உள்ளே இருந்த நேரமெல்லாம் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. வடக்குக் காற்று. வாரம் முழுக்க அவன் காத்துக் கிடந்த காற்று.

பாய்மரம் கட்டிய பலகையில் நின்று கடலில் ஓட்டுகிறவன் எவனும் இப்படியொரு காற்றில் கரையில் நிற்கமாட்டான். ஆனால் வெள்ளிக்கிழமை நண்பகலில், தஹப் என்ற இந்தக் கடலோர ஊரில், உள்ளூர் ஆண்பிள்ளை எவனும் தண்ணீரில் இருக்கவும் மாட்டான்.

நடந்துகொண்டே கைபேசியைத் திறந்தான். வளைகுடாவின் வேகப் பட்டியலில் முதல் இடத்தில் மறுபடியும் அதே பெயர்: கடற்காகம்.

இன்றைய ஓட்டம். சற்று முன்னால், இவன் நெற்றியைத் தரையில் வைத்திருந்த நேரத்தில் ஓடியது.

"இன்னிக்கும் கொத்திட்டுப் போயிடுச்சா காக்கா?" தேநீர்க்கடை அவ்தா பின்னாலேயே வந்து அவன் மேல்கையைப் பிடித்தான். "விடுடா. வெயிலுக்குப் பயந்த எவனோ வெள்ளைக்காரன். கண்ணு மட்டும் தெரியுற மாதிரி உடம்பு பூரா மூடிக்கிட்டுப் போறானாம். தொழுகைக்கு லேட்டா வந்த டாக்சிக்காரன் பார்த்திருக்கான்."

"டேய், கைய எடு. எரியுது."

எரிந்தது வெளிக்காயம் மட்டுமல்ல. இந்த வளைகுடாவில் சுவைலிமை முந்த ஆளில்லை என்பதுதான் அவனுக்கு ஊரில் இருந்த ஒரே பெயர். அதையும் முகம் தெரியாத ஒருவன் பிடுங்கிக்கொண்டு போனால் எரியாமல் என்ன செய்யும்?

முன்பெல்லாம் வேகம் அளக்கும் ஜிபிஎஸ் கருவியை மணிக்கட்டில்தான் கட்டிக்கொண்டிருந்தான். கவிழ்ந்தால் மணிக்கட்டு தண்ணீருக்குள் போய்விடும். செயற்கைக்கோளைத் தேடும் கருவிக்கு வானம் தெரியாது. வெளியே வந்ததும் திக்குமுக்காடி வாய்க்கு வந்த வேகத்தைச் சொல்லும். ஒருநாள் அது அவனைப் போலீஸ் படகைவிட வேகமாக ஓடவைத்தது. இவனும் மார்தட்டிக்கொண்டு அதைப் பட்டியலில் ஏற்றினான். "விழுந்து விழுந்தே முதலிடம் வாங்கின ஒரே ஆளு நீதான்டா" என்று அவ்தா தொடங்கிவைக்க, ஊரே சிரித்தது.

கருவிதான் பொய்க்காரக் கருவி என்று அதைத் தன் பலகைக் கடையின் மூலையில் வீசிவிட்டுப் புதிது வாங்கினான். இடுப்பில் கட்டினான், அவன் உடம்பே அதற்கு வானத்தை மறைத்தது. தொப்பியில் செருகினான், காற்று தொப்பியோடு கொண்டுபோகப் பார்த்தது.

அப்போதுதான் பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே கடற்காகம் இரண்டே வரி எழுதியது. 'தோளுக்குக் கீழே, மேல்கையின் வெளிப்பக்கம் கட்டு. அது வானத்தைப் பார்க்கட்டும்.'

எனக்குச் சொல்ல இவன் யார் என்று சுவைலிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கட்டினான். அன்றிலிருந்து கருவி உண்மையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவன் இரண்டாவது ஆள்தான் என்ற உண்மையையும் சேர்த்து. கருவியின் பட்டையும் கடல் உப்பும் உரசி உரசி, கட்டிய இடத்தில் தோல் வளையமாக உரிந்துவிட்டது.

கடைக்கு வந்து சேர்ந்தான். ஆண்கள் தொழப் போனால் பலகைக் கடையைத் தங்கை ஃபித்தா பார்த்துக்கொள்வாள். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அங்கியின் விளிம்பு நனைய, குழாய்த் தண்ணீரில் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எவனாவது தண்ணிக்குள்ள வேகமாப் போனானா? பார்த்தியா?"

"எனக்கு வேற வேலை இல்லையாண்ணே?"

உட்கார்ந்தான். எழுந்தான். வாசல்வரை போய்க் கடலை முறைத்துவிட்டு வந்தான். அங்கியின் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுப் புண்ணை ஊதினான்.

"ஐயோ, பார்க்கவே சகிக்கல. இரு, அம்மா காய்ச்சின நெய் இருக்கு."

மேல் அலமாரியில் இருந்த டப்பாவுக்காக ஃபித்தா எக்கிக் கையை உயர்த்தினாள். தொளதொளத்த அங்கிக்கை தோள்வரை வழுக்கி இறங்கியது.

தோளுக்குக் கீழே. மேல்கையின் வெளிப்பக்கம். வளையமாக உரிந்த தோல்.

அவனுடையதைவிடப் பழையது. ஆறிய தழும்பின் மேல் இன்றைய சிவப்பு.

அவள் சட்டென்று கையை இறக்கினாள். டப்பாவை மட்டும் அவன் பக்கம் நீட்டினாள்.

சுவைலிமுக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. அண்ணன் என்பதற்காக ஒன்று, ஊர் வாய்க்காக ஒன்று. அது வந்து சேர்வதற்குள் பெருமை முந்திக்கொண்டு வந்தது. இந்தக் காற்றில், விழாமல்.

"என்னடா," வாசலுக்கு வெளியிலிருந்து அவ்தா கத்தினான், "வெள்ளைக்காரன் எந்த ஊருன்னு தெரிஞ்சுதா?"

ஃபித்தா அங்கிக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எந்த ஊரா இருந்தா உனக்கென்னடா? ஓட்டத் தெரிஞ்ச ஆளு!" என்று சுவைலிம் பதிலுக்குக் கத்தினான்.

பிறகு நெய் டப்பாவைத் திறந்து, அவள் பக்கமே தள்ளினான்.

"முதல்ல நீ போட்டுக்க."