மாதிரிப் படிவம்

“பேரை மறைச்சு வைக்கிற உரிமை அம்மாவுக்கு வேணும்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டார் பிரதிநிதி கரின் டோல்சன்.

லோர்னா வெட்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மசோதா எழுதித்தரும் அலுவலகத்தில், அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். இரண்டு கட்சிக்காரர்களும் அவளிடம்தான் வருவார்கள். அவர்கள் நினைப்பதைச் சட்டமாக எழுதித் தருவது அவள் வேலை. தான் நினைப்பதைச் சொல்வது அல்ல.

“அதை நான் சொல்லக் கூடாதுங்க. மத்த மாநிலங்கள்ல என்ன செஞ்சிருக்காங்கன்னு வேணா சொல்றேன்.”

கரின் சிரித்துவிட்டார். “உங்க வாயைக் கிளற முடியாதே! எங்காளுங்க உங்களை அந்தக் கட்சின்னு சொல்றாங்க. அவங்க ஆளுங்க எங்க கட்சின்னு சொல்றாங்க.”

மசோதா சின்னதுதான். பிறந்ததும் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள், பதினெட்டு வயதானால் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். பெற்றவளின் பெயர் அதில் இருக்கும். இத்தனை காலமும் அது அரக்கு வைத்த உறைக்குள் கிடந்தது.

தன் பெயரைத் தர வேண்டாம் என்று சொல்லத் தாய்க்கு வழி வைப்பதா, வேண்டாமா? அது ஒன்றுதான் பாக்கி.

லோர்னா நான்கு மாநிலங்களின் சட்டத்தைச் சொன்னாள். இரண்டு இப்படி, இரண்டு அப்படி. எந்தப் பக்கமும் குரல் சாயவில்லை.

கரின் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே யோசித்தார்.

“என் தொகுதியில ஒருத்தருக்கு அறுபத்தோரு வயசு. அம்மா பேரு தெரியாமலே போயிடுவேனோன்னு என் முன்னாடி உக்காந்து அழறார். அந்தப் பிரிவை எடுத்துடுங்க, லோர்னா. பேரு வெளிய வரட்டும். பிள்ளையைப் பார்க்க இஷ்டமா இல்லையான்னு அம்மா சொல்றதுக்கு ஒரு படிவம் மட்டும் வைங்க, போதும்.”

“சரிங்க.”

கணினித் திரையில் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஒரு விசையைத் தட்டும் நேரம்தான்.

படிவம் மதியத்துக்குள் தயாராகிவிட்டது. எந்தப் படிவத்தையும் வெளியே அனுப்புவதற்கு முன், எழுதியவரே கற்பனை விவரங்களைப் போட்டு ஒரு பிரதியை நிரப்பிப் பார்ப்பது அந்த அலுவலகத்தில் வழக்கம். லோர்னாவும் நிரப்பினாள். பிழை பார்க்கும் வெண்டலின் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். சாப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது வெண்டல் அந்தத் தாளோடு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நீ கில்லாடிதான் போ! ‘பார்க்க விரும்புகிறேன்’லயும் டிக், ‘விரும்பவில்லை’லயும் டிக். யாராவது இப்படிக் குழப்பி அனுப்பினா பதிவாளர் என்ன பண்ணுவார்? எனக்குத் தோணவே இல்ல பாரு.”

“அதுக்கு ஒரு வரி சேர்த்துடறேன்” என்றாள்.

உட்கார்ந்து தட்டினாள். ஏதேனும் ஒரு கட்டத்தை மட்டும் குறிக்கவும். இரண்டையும் குறித்தால் படிவம் செல்லாது.

வெண்டல் அவள் தோளுக்கு மேலாகப் படித்தார். “கச்சிதம்” என்றார். “இந்த மாதிரியைக் கிழிச்சுப் போட்டுடவா?”

“வேணாம். குடு, நானே போட்டுக்கறேன்.”

அவர் போனதும் தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

தாயின் பெயர் என்ற இடத்தில் இருந்தது கற்பனைப் பெயர்தான். குழந்தை பிறந்த ஊரும் தேதியும் கற்பனை அல்ல. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. கட்டிய கணவனிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

அந்த இரண்டு டிக்குகளையும் அவள் சோதித்துப் பார்க்கப் போடவில்லை.