அஞ்சு இதழ் செம்பருத்தி

அந்தக் காலத்துல, பூப்படம் வரையிற தையல்நாயகியம்மா மேஜையில ரெண்டு செம்பருத்தி கிடந்துச்சு. ஒண்ணு நேத்துப் பறிச்சது, வாடிப்போச்சு. இன்னொண்ணு இன்னைக்குப் பறிச்சது.

"படத்துல இருக்கிறது நான்தான், மூணு இதழ் என்னோடது. குப்பைக்குப் போறதுக்குள்ள ஒத்துக்கடி"ன்னுச்சு நேத்துப் பூ.

"மிச்சம் ரெண்டு இதழ் என்னைப் பார்த்துல்ல வரைஞ்சாங்க?"ன்னுச்சு இன்னைக்குப் பூ.

ரெண்டும் பிரஷ்கிட்ட நியாயம் கேட்டுச்சு.

"முப்பது வருஷமா எனக்கும் குழப்பந்தான். அம்மா ஒரு பூவை ஒரே நாள்ல முடிச்சதே இல்ல. அதுக்குள்ள வீட்டுல யாருக்காவது பசிச்சிடும்."

உள்ளேருந்து குரல் வந்துச்சு: "தையலு, சோறு ஆகலையா?"

அம்மா பிரஷைத் தண்ணியில போட்டுட்டு எழுந்து போனாங்க. பூவோட நடுத்தண்டு இன்னும் வரையல.

இன்னைக்குப் பூவுக்கு ஓரம் சுருங்க ஆரம்பிச்சுச்சு. "அப்ப நடுத்தண்டு யாரோடது?"

"தெரியலடி"ன்னுச்சு நேத்துப் பூ. "வா, இப்படிப் பக்கத்துல படுத்துக்க."