பாதி மீசைப் பந்தயம்

“அஞ்சு பக்கம் இருக்கிற ஒரே வடிவத்தை வெச்சு, துளி இடுக்கு விடாம திரையை நிரப்பிக் காட்டுங்க பாப்போம். முடியவே முடியாது. காட்டிட்டா பாதி மீசையை இங்கேயே எடுத்துடறேன்!”

கம்ப்யூட்டர் சார் சவால் விட்டதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பின்னே, அது என்ன லேசுப்பட்ட மீசையா?

முக்கோணம் இடுக்கில்லாமல் ஒட்டியிருந்தது. சதுரம் ஒட்டியிருந்தது. அறுகோணம்கூடச் சமர்த்தாக ஒட்டியிருந்தது. மென்பொருளில் இருந்த ஐங்கோணம் மட்டும் எப்படித் திருப்பினாலும் எங்காவது ஒரு சந்து விட்டு அழிச்சாட்டியம் பண்ணியது. ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள்.

வக்கீல் விடவில்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிறாள் என்று வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு அந்தப் பட்டம்தான். போன வாரம் அறிவியல் டீச்சரோடு மல்லுக்கு நின்று, டைரியில் சிவப்பு மையில் புகார் வாங்கியிருந்தாள். இன்னொரு புகார் வந்தால் இந்தச் சனிக்கிழமைக் கம்ப்யூட்டர் வகுப்பே கிடையாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு இந்த வகுப்பு என்றால் உயிர்.

கை சும்மா இருக்கவில்லை. ஒரு வீடு வரைந்தாள். சதுரம், மேலே கூரை.

பக்கங்களை எண்ணினாள். அஞ்சு!



வீட்டை நகலெடுத்து வரிசையாக நிறுத்தினாள். கூரைகளுக்கு நடுவே பள்ளம் விழுந்தது. இன்னொரு வீட்டைத் தலைகீழாகத் திருப்பி அதில் இறக்கினாள். அடடா, கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் மடமடவென்று வீடு மேல் வீடு. ஊசி நுழைய இடமில்லை.

சந்தோஷத்தில் கத்தப்போனவள் சட்டென்று திரையை இரண்டு கையாலும் மறைத்தாள். சார் சொன்னது தப்பு என்பதும் எதிர்த்துப் பேசுவதுதானே?

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தாள். வாய் கேட்டால்தானே! எழுந்து நின்று, சார் சொன்னது சரியில்லை என்று சொல்லியேவிட்டாள்.



சார் வந்து குனிந்தார். விரலை வைத்து வீட்டின் பக்கங்களை எண்ணினார். நேரே மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார்.

தொலைந்தோம், சிவப்புப் பேனாதான். வக்கீல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஓவென்று சத்தம் கேட்டுத் திறந்தாள். சாரின் கையில் ஒரு கைக்கண்ணாடி, ஒரு துண்டு சோப்பு, உறைகூடப் பிரிக்காத ரேஸர். முகம் கொள்ளாத சிரிப்பு.

“இதையெல்லாம் வாங்கி வெச்சு நாலு வருஷமாச்சு. வர்ற பிள்ளைங்க எல்லாம், சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. வாம்மா வக்கீலு, கண்ணாடியை ஆடாம பிடி.”