ஓரப் பசை

"இதென்ன, ஒட்டியிருக்கா, தொங்குதா?"

சிறைக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரியம்மா விதிப் புத்தகத்தைத் தூக்கி ஓர் உதறு உதறினார். பக்கத்துக்குப் பக்கம் திருத்தச் சீட்டுகள் படபடத்தன. எல்லாவற்றுக்கும் இடது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு பசை.

"விழாது மேடம்" என்றார் ரெக்கார்டு கிளார்க்.

"பழைய விதி மேல புதுசை முழுசா ஒட்டணும்னு உத்தரவு இருக்கா, இல்லையா?"

"இருக்கு மேடம்."

"பசைக்குப் பஞ்சமா?"

"ரெண்டு டப்பா இருக்கு மேடம்."

அதிகாரியம்மாவுக்கு அரைகுறை வேலை என்றாலே வேப்பங்காய். 'கடமையில் அலட்சியம்' என்று அன்றைக்கே மெமோ அடித்து, கிளார்க்கின் ஃபைலில் சேர்த்துவிட்டார்.

அலட்சியம் ஊரறிந்ததுதான். கைதிகளே அவருக்கு 'ஓரப் பசை' என்று பேர் வைத்திருந்தார்கள். அதிலும் தச்சுக்கூடத்துக் கைதிக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஏழு வருஷம் முடித்து அவன் கேட்ட பரோலை, மேலிடத்து உத்தரவுப்படி, 'இன்றைய விதிப்படி பத்து வருஷம்' என்று எழுதித் திருப்பியவர் அவர்தான். அவன் உள்ளே வரும்போது மகளுக்கு இரண்டு வயது. இப்போது ஒன்பது. அப்பாவைக் கம்பிக்கு வெளியே பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. அவன் கோர்ட்டுக்குப் போய்விட்டான்.

விசாரணை நாளில் அதிகாரியம்மா ஆஜரானார். பின்னால் புத்தகத்தோடு கிளார்க்.

"இவருக்குத் தண்டனை கொடுத்த அன்னைக்கு விதி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார் நீதிபதி.

அரசு வக்கீல் நெளிந்தார். "பழைய பக்கம் கிடைக்கலைங்க ஐயா. மூணு சிறையில பார்த்தாச்சு. சீட்டைப் பிரிச்சா பக்கமே கிழிஞ்சு வருது."

அதிகாரியம்மாவுக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அரசுக்கு ஜெயம். திரும்பிப் பார்த்தார். கிளார்க் புத்தகத்தை நீட்டினார்.

"எங்க சிறையில இருக்குங்க ஐயா."

எல்லார் எதிரிலும் பரோல் விதியின் மேல் இருந்த சீட்டைத் தூக்கிக் காட்டினார். கீழே, ஒரு பொட்டு அழுக்கில்லாமல், 'ஏழு ஆண்டுகள்' என்று இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பின்னால் வந்த கடுமையான விதியை முன்னால் வந்தவர் தலையில் கட்டக் கூடாது. அரசியல் சாசனம், ஜெயில் வாசலில் கழற்றிவிட்டுப் போகிற செருப்பு இல்லை."

கைதி கிளார்க்கைப் பார்த்துக் கும்பிட்டான். கடைசி பெஞ்சில் இருந்த மகளும் அப்பாவைப் பார்த்துத் தானும் கும்பிட்டாள்.

திரும்பும்போது ஜீப்பில் அதிகாரியம்மா கேட்டார். "அன்னைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பசையைப் பத்தித்தானே கேட்டீங்க மேடம்? மேல இருக்கிறது இனி வர்றவங்களுக்கு. கீழ இருக்கிறது ஏற்கெனவே வந்தவங்களுக்கு. அதை மூட நான் யாரு?"

"அவன் உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தானாமே?"

"திட்டக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்லையே மேடம்."

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். இருபது வருஷ சர்வீஸில், இவர் என் ஆபீஸ் ஆள் என்று மார்தட்டிச் சொல்லத் தோன்றியது அன்றுதான்.

ஆபீஸுக்கு வந்ததும் கிளார்க்கின் ஃபைலை எடுத்தார். மெமோவைக் கிழிக்கப் போனார்.

"ரெக்கார்டைக் கிழிக்கக் கூடாது மேடம்" என்றார் கிளார்க்.

சரி என்று, 'மெமோ ரத்து. நேர்மையான பணிக்குப் பாராட்டு' என்று ஒரு சீட்டில் எழுதினார். தன் கையாலேயே ஒட்ட உட்கார்ந்தார். தான் எழுதிய 'அலட்சியம்' யார் கண்ணிலும் படக் கூடாதே! சீட்டின் நாலு பக்கமும் பசையை அப்பப் போனார்.

கிளார்க் பசை டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஓரத்துல மட்டும் போதும் மேடம். அன்னைய தேதிக்கு நீங்க எழுதினதும் ரெக்கார்டுதானே?"