மீசைப் பரிசோதனை

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. நிறுத்தியவரே லிஃப்ட் மெக்கானிக்தான்.

"உள்ளே யாருங்க? மாட்டிக்கிட்டீங்களா?" மேலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ரிப்பேர் ஓடுது சார்! படியில போங்க!"

கத்திவிட்டு, ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பொட்டலத்தை அவசரமாகப் பிரித்தார். வறுத்த கோழிக்கால். மனைவி சத்துப் பவுடர் கலந்து கொடுத்த பிளாஸ்க் மூடி திறக்கப்படாமல் ஓரமாக நின்று அவரையே முறைத்தது.

பாதிக் கால் உள்ளே போவதற்குள் செல்போன் அலறியது. மனைவி.

"குடிச்சீங்களா?"

"குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"என்ன, வாய் நிறைய அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு?"

"பவுடர் கட்டி கட்டியா இருக்கும்மா. மென்னுதான் குடிக்க வேண்டியிருக்கு."

"நாளைக்கு ஆபரேஷன். கடைசி நாள்ல கவுத்துடாதீங்க. வீட்டுக்கு வாங்க, மீசை சொல்லும்."

எடையைக் குறைக்கிற ஆபரேஷன். அதற்கு முன் கல்லீரல் சுருங்க வேண்டும். இரண்டு வாரம் வெறும் நீராகாரம்தான், கெட்டியாக ஏதாவது உள்ளே போனால் தேதி ரத்து என்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். அந்தத் தேதிக்கே ஒரு வருஷம் தவம் கிடந்திருந்தார்கள்.

மெக்கானிக்கின் வீடு மூன்றாவது மாடியில். ஊர் முழுக்க லிஃப்ட் பார்க்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

சாயங்காலம் மூச்சு வாங்க ஏறி வந்தவர் நேராகக் குளியலறைக்கு ஓடினார். சோப்பில் கை படுவதற்குள் மனைவி வழிமறித்தாள்.

"மூஞ்சியை அப்புறம் கழுவிக்கலாம். முதல்ல குனிங்க."

தினமும் நடக்கிற பரிசோதனைதான். குனிந்தார். மீசைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். கோபத்தை அடக்குகிறாளோ என்று அவருக்கு முதுகு வேர்த்தது.

"கிரீஸ் வாசனைதான்" என்றாள் கடைசியில். பிறகு, "எதுக்கும் இன்னொரு வாட்டி காட்டுங்க. இந்தப் பக்கம்."

அவர் காட்டினார். தப்பித்தோம் என்று மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

அடுப்படி மேடையில் இரண்டு டம்ளர்கள் காத்திருந்தன. இரண்டிலும் அதே சாம்பல் நிறக் கூழ்த்தண்ணீர். மனைவி தன்னுடையதை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை கண்கொட்டாமல் நின்றாள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி. இருவரும் நர்ஸ் முன்னால் உட்கார்ந்தார்கள். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு வாரமா நீராகாரம் தவிர வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? மறைக்கக் கூடாது. உள்ளே கேமராவை விட்டா கல்லீரலே காட்டிக் கொடுத்துடும்."

மனைவி மெதுவாகத் திரும்பி, கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவர் பொலபொலவென்று உடைந்துபோனார்.

"சாப்பிட்டேன் சிஸ்டர்! லிஃப்டை நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டேன். கேக், கோழிக்கால், ஒரு நாள் முழு பீட்சா! அன்னைக்கு ஆறாவது மாடிக்காரர் வாஷிங் மெஷினை முதுகுல சுமந்துகிட்டுப் படியேறினார், பாவம். இவ மேல சத்தியம் பண்ணிட்டு இவளையே ஏமாத்திட்டேன்!"

நர்ஸ் இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நீங்க எதை வேணா சாப்பிடுங்க சார். ஆபரேஷன் இவங்களுக்குத்தானே?"

'உனக்குத் துணையா நானும் அதையே குடிக்கறேன்' என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் மார்தட்டியவர் தரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

மனைவி கைப்பையின் வாரைத் திருகினாள். கண்ணில் கொஞ்சம் பயம்.

"ஒரு பருக்கை தொடலை சிஸ்டர்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா தினமும் சாயங்காலம் இவர் மீசையை மோந்துதான் பொழுதைத் தள்ளினேன். அது சாப்பாட்டுல சேருமா?"