முப்பத்தைந்து நாள்

மூன்றாவது மனு அவனுடையது.

பெயர்கள் இருந்த இடங்களில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அதுதான் இந்த வகுப்பின் வழக்கம். மாதத்தின் முதல் புதன், மதியச் சாப்பாட்டு வேளை, தீர்ப்பாயத்தின் நூலக அறை. மத்திய அரசு ஊழியர்களுக்காக வழக்காடுகிறவர்களும் எதிர்த்து வழக்காடுகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவார்கள். ஒரு சீனியர் யாரோ கொடுத்த மனுவை எடுத்து, எல்லோர் முன்னிலும் படித்துத் திருத்துவார். யாருடைய தப்பு என்று யாருக்கும் தெரியாது.

இன்றைய பாடம், கெடு தாண்டிப் போடும் வழக்குக்கு மன்னிப்புக் கேட்பது எப்படி.

பிரான்சிஸ் தனராஜ் பாடம் எடுத்தார். முப்பது வருட அனுபவம். முதல் இரண்டு மனுக்களிலேயே அறையைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

"என் மாமனாரை நானே மூணு மனுவுல கொன்னுருக்கேன். மனுசன் இன்னமும் பீச்சுல வாக்கிங் போறார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வாயில் சோறு இருந்தது.

மூன்றாவதைச் சத்தமாகப் படித்தார்.

கெடு முடிகிற நாளன்று வழக்கறிஞரின் மனைவி மருத்துவமனையில் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் வரை வழக்கைக் கவனிக்க முடியவில்லை. அதன் பின் முப்பத்தைந்து நாட்கள் அலுவலகம் செல்ல இயலவில்லை. ஆக ஐம்பத்தொரு நாள் தாமதம். மன்னித்து வழக்கை ஏற்க வேண்டும்.

தனராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பதினாறு நாள் சரி. எந்த ஜட்ஜும் கேக்க மாட்டார். மிச்ச முப்பத்தஞ்சு நாள் இந்த ஆள் என்ன பண்ணிட்டிருந்தார்?"

ஒவ்வொரு நாளுக்கும் காரணம் வேண்டும் என்றார். இல்லாவிட்டால் வக்கீலின் சோம்பேறித்தனம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். துக்கத்துக்கு எந்த டாக்டரும் சர்ட்டிபிகேட் தர மாட்டான்.

அவன் யோசித்துப் பார்த்தான்.

காலையில் வாசலில் பால் பாக்கெட் கிடக்கும். எடுத்து உள்ளே வைப்பான்.

மறுநாளும் கிடக்கும்.

வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வழக்கறிஞர் சங்கச் செயலாளர் உமையாள் எழுந்தாள். வெள்ளைத்தாள்களை ஒட்டியவள் அவள்தான். தனராஜின் காதருகில் குனிந்து ஏதோ சொன்னாள்.

அவர் தாளைக் கீழே வைத்தார்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், தெரியாமப் பேசிட்டேன், மன்னிக்கணும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான்காவது மனுவை எடுத்தார்.

அறையில் யாரும் மெல்லவில்லை.

அவன் தன் கட்சிக்காரர் வேலாண்டியை நினைத்தான். இருபத்திரண்டு வருடம் தபால் மூட்டை சுமந்தவர். செய்யாத குற்றத்துக்காக வேலையை இழந்தவர். மின்மயானத்துக்கு வந்து கடைசி வரை ஓரமாக நின்றார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்குப் போட அன்றுதான் கடைசி நாள் என்று அவருக்குத் தெரியும். இந்த மன்னிப்புக் கிடைக்காவிட்டால் அவருடைய வழக்கு வாசலோடு சரி.

எழுந்து நின்றான்.

"சார், மூணாவதை முடிச்சிடுங்க. அந்த முப்பத்தஞ்சு நாளுக்கு என்ன எழுதணும்?"

தனராஜ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு வழியில்லாமல், பாடத்துக்குத் திரும்பினார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

இரண்டு காரணம் கூடாது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில்தான் ஜட்ஜ் கை வைப்பார். முதல் நாளிலிருந்து ஐம்பத்தொன்றாம் நாள் வரைக்கும் ஒரே நோய். மஞ்சள் காமாலை. அது வந்தால் மனிதன் எழுந்திருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். சர்ட்டிபிகேட் தரத் தெரிந்த டாக்டர் இருக்கிறார்.

"வீட்டம்மா விஷயத்தை எடுத்துடுங்க தம்பி. அது கேஸைக் கெடுக்கும்."

அவன் முன்னால் போய்த் தன் மனுவை வாங்கிக்கொண்டான்.

நான்கு வரிகள்.

ஸ்கேல் வைத்து அடித்தான்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்தது. அரசுத் தரப்பு வக்கீல் புதன்கிழமை அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டவர். ஆட்சேபம் இல்லை என்றார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நீதிபதி அம்மாள் ஊருக்குப் புதியவர். சர்ட்டிபிகேட்டை முழுதாகப் படித்தார். தாமதம் மன்னிக்கப்பட்டது, வழக்குக்கு எண் கொடுங்கள் என்றார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பின்வரிசையில் வேலாண்டி கைகூப்பினார்.

அடுத்த கோப்பைத் திறக்கப் போன நீதிபதி நிமிர்ந்தார். அவருக்கும் கல்லூரி நாட்களில் காமாலை வந்திருக்கிறதாம். ஆறு மாதத்துக்கு எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாது, மோர் நிறையக் குடிக்க வேண்டும், கோர்ட் எங்கேயும் ஓடிப்போகாது என்றார். இந்த இரண்டு மாதத்தில் அவனிடம் யாரும் இவ்வளவு நேரம் பரிவாகப் பேசியதில்லை.

"இளைச்சுத்தான் போயிருக்கீங்க. வீட்டுல நல்லா பாத்துக்கிறாங்களா?"

அரசுத் தரப்பு வக்கீல் தன் கோப்பில் எதையோ தேடத் தொடங்கினார். வேலாண்டியின் கைகள் இறங்கின.

"பாத்துக்கிறாங்க மேடம்" என்றான்.