பனங்கிழங்கு முடிச்சு

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய பிற்பகல். ஜன்னல் வெயில் தலைமையாசிரியரின் மேசைமேல் விழுகிறது. மேசை நிறைய அன்பளிப்புகள்: எவர்சில்வர் தட்டு, கரைவேட்டி, பெரிய பண்ணை வீட்டு நெய்த்தூக்கு. அவர் நெய்க்குள் விரலை விட்டு எடுத்துச் சப்புகிறார். எச்சில் விரலை மறுபடியும் உள்ளே விடுகிறார். மோவாயில் நெய் வழிகிறது. எதிரே நிற்கும் சுலோச்சனா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்போது, நடவு வேலைக்குப் போகும் சிட்டம்மாள், அங்கே படிக்கும் தன் மகள் தவமணியோடு வாசற்படிக்கு வெளியே வந்து நிற்கிறாள். கையில் ஆவி பறக்கும் துணிமுடிச்சு. "டீச்சருக்குப் பனங்கெயங்குன்னா உசுருன்னு எம் பொண்ணு சொல்லிச்சு. அவிச்சு எடுத்தாந்தேம்மா." அது உண்மைதான். மஞ்சளும் உப்பும் கலந்த வாசனைக்குச் சுலோச்சனாவின் கை தானாக நீள்கிறது. "அவுங்க வூட்ல அவிச்சத நீங்க துன்னுவீங்களா டீச்சர்?" என்கிறார் தலைமையாசிரியர், விரலைச் சப்பியபடியே. நீண்ட கை பாதியில் திரும்பிப் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறது. "படியிலயே வெச்சிட்டுப் போம்மா, அப்புறம் எடுத்துக்கறேன்" என்கிறது சுலோச்சனாவின் குரல். அந்தக் குரல் அவளுக்கே அருவருப்பாக இருக்கிறது. சிட்டம்மாள் முடிச்சை வைக்கவில்லை. ஜன்னலோரத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து, ஒரு கிழங்கைத் தோலுரித்து, நாரைக் கிள்ளி எறிந்துவிட்டு மகளிடம் நீட்டுகிறாள். தவமணி வாங்கிக் கடிக்கிறாள். "டீச்சருக்கு ரெண்டு எடுத்து வெக்கட்டாம்மா?" சிட்டம்மாள் அடுத்த கிழங்கை உரித்துக்கொண்டே சொல்கிறாள்: "வாணாம். அவுங்களுக்குப் புடிக்காது."